அம்பயரும் கௌரி காப்பும்

மச்சான்,

முந்தநாள் காலமை என் மனிசி பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டாள். சமையலறை மேசையடியில், சாரத்தோடு, ஒரு பழைய தோல் கிளவுஸுக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நான் நின்றேன். பக்கத்தில் நல்லெண்ணெய்ப் போத்தில் திறந்தபடி. அவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "உது எப்ப தொடங்கினது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தேத்தண்ணி போடப் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் கதை அவளுடைய அக்காவுக்குப் போய், பின்னேரத்துக்குள் எங்கள் மில்லிக்கன் பக்கத்துத் தமிழரில் பாதிப்பேருக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற மனிசன் சப்பாத்து மணக்கிறான் என்றுதான் கதை போயிருக்கிறது. கிளவுஸ் என்று திருத்த எனக்கும் வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கராஜைத் துப்புரவாக்கி வீதியோரம் வைத்த பெட்டிக்குள் கிடந்த கிளவுஸ் அது. தோல் காய்ந்து அப்பளம் மாதிரி இருந்தது. ஏன் எடுத்தேன் என்று கேட்காதே. எடுத்து வந்தபின் கை தன்பாட்டுக்கு நல்லெண்ணெயைத் தேடியது. இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்ததும் கிளம்பியது பார் அந்த நாசமறுந்த மணம், எள்ளும் மாட்டுத்தோலும் பழைய வியர்வையும் சேர்ந்தது. நீ எனக்குப் பின்னால் வந்து நின்று, "ஹெல்மெற்றைக் கழட்டு, பாப்பம்" என்று சொல்வதுபோல் இருந்தது.

செத்து மூன்று மாதமாகியும் நீ என்னைச் செக் பண்ணுவதை நிறுத்தவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் பேஸ்போலுக்குப் போனதே ஒரு விபத்து. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில், மோர்னிங்சைட்டில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் இல்லை. பின்பக்கக் கார் தரிப்பிடத்தில், ரெனிஸ் பந்துக்கு ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றி, குப்பைத் தொட்டியை விக்கெற்றாக வைத்து விளையாடிக்கொண்டிருந்த எங்களைப் புவியியல் படிப்பித்த ரீச்சர் ஜன்னலால் பார்த்திருக்கிறார். அவர்தான் பேஸ்போல் ரீமுக்குக் கோச். எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருப்பார். அவருக்கு ரீமில் ஆள் காணாது. நான் வேகமாய்ப் பந்து போடுவதையும், நீ தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து ஒன்றும் விடாமல் பிடிப்பதையும் கண்டு எங்களை அப்படியே அள்ளிக்கொண்டு போனார். நான் பிச்சர், பந்து எறிகிறவன். நீ கச்சர், அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவன்.

ஊரில் முழங்கையை மடக்கிப் பந்து போட்டதற்காக விளையாட்டு மாஸ்ரர் என்னை வெயிலில் நிறுத்திவைத்தவர். இங்கே மடக்காமல் போட்டதற்குக் கோச் தலையில் கை வைத்தார். ஒரு மனிசன் எத்தனை நாட்டில் ஒரே முழங்கைக்காகப் பேச்சு வாங்குகிறது? அடித்துவிட்டு ஓடு என்றார்கள். நான் கிரிக்கெட்டில்போல அடித்த மட்டையை, அந்தப் பற்றையும் காவிக்கொண்டு ஓடினேன். ஓடித் தொடவேண்டிய முதலாவது பேஸுக்குக் கிட்டப் போனதும் குனிந்து, பற்றை நீட்டி நிலத்தில் உரசி, வந்துவிட்டேன் என்று பெருமையாய் நிமிர்ந்தேன். அங்கே நின்ற பெடியன் என்னைக் கொள்ளைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்து இரண்டடி பின்னால் போனான்.

அரியண்டம் அங்கேதான் தொடங்கியது. பற்றைக் காவிக்கொண்டு ஓடுவது பிழையா சரியா என்று நீ போய்க் கோச்சைக் கேட்டாய். அவர் பதில் சொல்லப் பஞ்சிப்பட்டு விதிப் புத்தகத்தை உன் கையில் தந்துவிட்டார். தன் வாழ்நாளில் செய்த பெரிய பிழை அதுதான் என்று அந்த மனிசன் பிறகு என்னிடமே சொன்னார்.

இங்கிலீஸ் வகுப்பில் வாயே திறக்காத நீ, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பாடமாக்கினாய். உன்னுடைய இங்கிலீஸ் முழுக்க அந்தப் புத்தகத்து இங்கிலீஸ். கன்ரீன் வரிசையில் இடையில் புகுந்தவனிடம், ஓடுகிறவனின் பாதையை மறிப்பது தண்டனைக்குரியது என்று சொன்னாய். உயிரியல் வகுப்பில் உனக்குப் பிடித்திருந்த பெட்டையிடம், உனது இடப்பக்கத்தில் அமர்வதற்கு எனக்கு அனுமதி வழங்கப்படுமா என்கிற மாதிரி ஒன்றைக் கேட்டாய். அவள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். இதை உன் மனிசியிடம் நான் இதுவரை சொன்னதில்லை. இனிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

எண்ணெய்க் கதையும் அப்படித்தான். கிளவுஸுக்கு எண்ணெய் போட்டுப் பதப்படுத்தச் சொன்னார் கோச். கடையில் விற்கிற எண்ணெய்க்கு எங்களிடம் வழியில்லை. உன் சித்தியின் குசினியிலிருந்து நல்லெண்ணெய் வந்தது. நாங்கள் இருந்த வாங்கு முழுக்கச் சனி முழுக்கு மணம். அதோடு விட்டாயா? எள்ளெண்ணெய் பூசிய கிளவுஸ் விதிக்கு அமைவானதா என்று அம்பயரைப் போய்க் கேட்டாய். எள் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நீ விளங்கப்படுத்தினாய். ஆட்டம் தொடங்கச் சுணங்கியது.

அதற்குப் பிறகு ஆட்டம் தொடங்குமுன் நீ எங்களை வரிசையில் நிறுத்தத் தொடங்கினாய். ஹெல்மெற்றுக்கு இரண்டு காதும் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாய். பிறகு தேங்காய் முற்றிவிட்டதா என்று தட்டிப் பார்ப்பதுபோல விரலால் தட்டிக் காதைக் கொடுப்பாய். உள்ளே வெடிப்பிருந்தால் சத்தம் மாறுமாம். பற் ஒவ்வொன்றையும் இரும்பு வளையத்துக்குள் விட்டுப் பார்ப்பாய்; வளையத்தால் போகாவிட்டால் பற் அளவுக்கு மிஞ்சி மொத்தம், விளையாடேலாது. எங்கள் ரீமின் நல்ல பற் ஒன்றைப் பிடியில் சுற்றிய ரேப் உரிந்துவிட்டதென்று நீயே ஒதுக்கி வைத்தாய். அந்தப் பற்றால்தான் எங்களில் ஒருத்தனாவது பந்தைத் தொடுகிறவன். நான் உள்ளே போட்ட பனியன் வெள்ளைக் கை என்று என்னை ஏப்ரல் மாதக் குளிரில் அதைக் கழற்ற வைத்தாய்; பிச்சரின் கையில் வெள்ளை தெரிந்தால் அடிக்கிறவனுக்குப் பந்து மறைந்துவிடுமாம். செக் பொயின்ற்றுகளுக்குப் பயந்து கடல் கடந்து வந்தவர்கள் நாங்கள். நீ என்ன கோதாரிக்கு இங்கே வந்து இன்னொன்றைத் திறந்தாய் என்று உன்னைக் கேட்டேன். நீ குனிந்து என் சப்பாத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இரும்பு முள் இருக்கிறதோ என்று.

இதெல்லாம் சின்னக் கரைச்சல்கள். பெரிய கரைச்சல் என் வலக்கை மணிக்கட்டில் இருந்தது.

நீ மன்னார்க் கத்தோலிக்கன். கௌரி காப்பு என்றால் என்னவென்று நான்தான் உனக்குச் சொல்லித்தந்தேன். அதற்கு இன்றுவரை வருந்துகிறேன். கேதாரகௌரி விரதம் முடிகிற அன்று கோயிலில் ஐயர் கட்டிவிடுகிற நூல். ஆம்பிளைக்கு வலக்கை, பொம்பிளைக்கு இடக்கை. அடுத்த வருச விரதம் முடியுமட்டும் அவிழ்க்கக் கூடாது. அந்த வருசம் அம்மா விரதமிருந்தது அப்பாவுக்காக. அப்பா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்து விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்பொன்சர் கடிதம் எந்த மேசையில் கிடக்கிறதென்று ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டு, பகலில் சாப்பிடாமல் கிடந்து, பண்டகசாலை மாதிரியிருந்த கோயிலில் வரிசையில் நின்று தன் கையிலும் என் கையிலும் அந்த நூலைக் கட்டுவித்தா. கட்டிய கையோடு என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இது அறாமல் இருந்தால் அப்பா வருவார்.

அதனால் அந்த நூலை நான் மணிக்கட்டில் அப்பாவையே கட்டி வைத்திருப்பதுபோல வைத்திருந்தேன். குளிக்கும்போதுகூடக் கையைத் தூக்கிக்கொண்டு குளித்தேன்.

உனக்கு அது விதி மீறல். நகை, நூல், சங்கிலி ஒன்றும் போட்டு விளையாடக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. பிச்சரின் மணிக்கட்டில் ஒன்றுமே இருக்கக் கூடாது என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. நான் நீலக் கைச்சட்டையை இழுத்து நூலை மறைத்துக்கொண்டு எறிந்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் நீ என் காதுக்குள் ஓதுவாய். ஒரு அம்பயரும் காணவில்லை, காண விரும்பவுமில்லை. பருவம் முழுக்க அப்படியே போயிருக்கும், கோச் தன்னுடைய இரண்டாவது பெரிய பிழையைச் செய்யாமல் விட்டிருந்தால். கப்டனாக இருந்தவன் காலை முறித்துக்கொண்டான். கோச் உன்னைக் கப்டனாக்கினார்.

அன்றைய ஆட்டம் ரெக்ஸ்டேல் பக்கம், எதிர் ரீமின் பள்ளிக்கூட மைதானத்தில். வென்றால் அடுத்த சுற்று. தோற்றால் கிளவுஸைக் கட்டி வைக்க வேண்டியதுதான். நான்தான் எறிய வேண்டும். எங்களிடம் வேறு ஆள் இல்லை. அம்மா முதன்முதலாக என் ஆட்டம் ஒன்றைப் பார்க்க வந்திருந்தா. இரவு வேலை முடித்து நேரே பஸ் மாறி மாறி வந்து, மே மாதத்தில் குளிர்கால ஜக்கெற்றோடு, சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றா. ஆட்டத்தை அல்ல, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. விமான நிலையம் கிட்ட; தலைக்கு மேலால் ஒன்றன்பின் ஒன்றாகப் பிளேன் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் தலை திருப்பி வழியனுப்பினா.

தொடங்குமுன் அம்பயர் இரண்டு கோச்மாரையும் இரண்டு கப்டன்மாரையும் கூப்பிட்டார். வயதான மனிசன். மழை இருட்டிக்கொண்டு வந்தது, அவருக்கு வீட்டுக்குப் போக அவசரம். வழக்கமாய்க் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: உங்கள் ஆட்கள் எல்லோரும் விதிப்படிதானே உடுத்தியிருக்கிறார்கள், சாமான்கள் எல்லாம் விதிப்படிதானே? அது கேள்வியே இல்லை, மச்சான். சுகமா என்று கேட்கிற மாதிரி. சுகமா என்று கேட்டவனிடம் யாராவது மூலவியாதியைப் பற்றிச் சொல்கிறானா? மற்றப் பக்கத்துக் கோச் ஓம் என்றார். அந்தக் கப்டன் ஓம் என்றான். எங்கள் கோச் ஓம் என்றார்.

நீ, "நோ, சேர்" என்றாய்.

அம்பயர் காது கேளாதவர்போல நின்றார். பாவம், உனக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தார். நீ அதையும் விடவில்லை. இரண்டாம் தரம், கொஞ்சம் உரத்து, எங்கள் பிச்சரின் வலது மணிக்கட்டில் நூல் இருக்கிறது என்று புத்தக இங்கிலீஸில் சொன்னாய். கோச்சின் வாயிலிருந்து விதை முழுக்கக் கொட்டுண்டது. மற்றப் பக்கத்துக் கோச் சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியைச் சரிசெய்தார். தன்னுடைய ஆளையே காட்டிக்கொடுக்கிற கப்டனை அந்த மனிசன் அதற்கு முதல் கண்டிருக்க மாட்டார்.

காதில் விழுந்தபின் அம்பயர் என்ன செய்ய? கழற்று, அல்லது எறியாதே என்றார். கோச் ரேப்பால் சுற்றி மூடலாமா என்று கேட்டார். அம்பயர் வாய் திறக்குமுன் நீ சொன்னாய், பிச்சரின் கையில் ரேப்பும் இருக்கக் கூடாதென்று.

நான் உன்னைத் தமிழில் ஏசினேன். எழுதக்கூடிய ஏச்சு இல்லை. கழற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு வாங்கில் போய் இருந்தேன். கோச் எனக்கு முன்னால் குந்தியிருந்து கெஞ்சினார். ரீம் பெடியங்கள் என்னைப் பார்த்தார்கள், உன்னைப் பார்த்தார்கள், மழையைப் பார்த்தார்கள். அம்பயர் மணிக்கூட்டைப் பார்த்தார். என் கையிலிருந்தது அப்பா. அதை யாருக்கு எந்த இங்கிலீஸில் சொல்வது?

அம்மா வேலிக்கு வெளியிலிருந்து என்னவாம் என்று கேட்டா. நீதான் போய்ச் சொன்னாய். அதற்கும் ஒரு துணிவு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். "அன்ரி, இவர் காப்போட எறியேலாது. புத்தகத்தில இருக்கு." பின்பக்கப் பொக்கற்றிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தை விரித்து, வேலிக் கம்பிக்குள்ளால் காட்டினாய். அம்மாவுக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மரியாதையாய், அந்தப் பக்கத்தைக் கடைசி வரி மட்டும் பார்த்தா. பிறகு வேலியைச் சுற்றி உள்ளே நடந்து வந்தா.

நீ என்ன சொன்னாய் அப்போது? நினைவிருக்கா? "அன்ரி, கோட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாய். என் வாழ்நாளில் ஒருவனை நான் கொல்ல நினைத்தது அந்த ஒரு தரம்தான்.

அம்மா உன்னைத் தாண்டி வந்து எனக்கு முன்னால் நின்றா.

"கையைக் கொண்டா."

"அம்மா, அப்பா..."

"அப்பாவை மறிச்சு வைச்சிருக்கிறது இமிக்கிரேசன்காரன். கௌரி அம்மனுமோ மறிக்கப்போறா? கொண்டா கையை."

வியர்வையில் இறுகிப்போன முடிச்சு. நகத்தால் வரவில்லை. அம்மா குனிந்து பல்லால் பிடித்து இழுத்தா. நேரம் போனது. என்ன நடக்கிறதென்று விளங்காத அம்பயர், ஏதோ வழிபாடு என்று நினைத்துத் தன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார். அவரைப் பார்த்து மற்றப் பக்கத்துக் கோச்சும் கழற்றினார். அதைப் பார்த்து ரீம் இரண்டும் கழற்றியது. மைதானம் முழுக்கத் தேசியகீதத்துக்கு நிற்பதுபோல நின்றது. ஒரு பிளேன் தலைக்கு மேலால் போனது. அதை மட்டும் அம்மா பார்க்கவில்லை.

நூல் அவிழ்ந்ததும் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தா. சமயச் சின்னமென்றால் உடுப்புக்குக் கீழே, நெஞ்சோடு ரேப்பால் ஒட்டி வைக்கலாம், அதற்கு விதி இடம் தருகிறது என்று நீ சொன்னாய். உன் நெஞ்சிலும் மடு மாதா பதக்கம் அப்படித்தான் ஒட்டியிருந்தது. அப்போ எனக்கு ஒட்டிவிடுங்கள் என்று சட்டையைத் தூக்கினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தா.

"நீ கோவத்தில நிக்கிறாய். கோவக்காரன்ர நெஞ்சில இதை வைக்கேலாது." உன் பக்கம் திரும்பி, "தம்பி, நீயெல்லோ சொன்னனீ. நீயே சும" என்று நூலை உன் கையில் தந்துவிட்டா.

நீ நெஞ்சுக் கவசத்தைக் கழற்றி, சட்டையைத் தூக்கி, பழைய ரேப்பை உரித்து, மடு மாதாவுக்குப் பக்கத்தில் கௌரி அம்மனை வைத்து, புது ரேப்பால் இரண்டு பேரையும் சேர்த்து ஒட்டினாய். பிறகு அம்பயரிடம் போய்ப் பக்கத்தைக் காட்டினாய். அவர் பார்க்காமலே கையை அசைத்தார். எங்கேயாவது ஒட்டிக்கொள், ஆட்டத்தைத் தொடங்கவிடு என்கிற மாதிரி.

நாங்கள் தோற்றோம். தோற்காமல்? நூல் இல்லாத கை எனக்கு வேறு யாரோ இரவல் தந்த கை மாதிரி இருந்தது. நான் எறிந்த பந்துகளில் சில உன் தலைக்கு மேலால் போய் அம்மா நின்ற வேலியில் பட்டன. நீ ஒவ்வொரு தரமும் ஓடிப்போய் எடுத்து வந்து, எனக்கு எறிவதற்கு முதல், பந்தின் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தாய்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து அப்பா ரெலிபோனில் சொன்னார், விசா நேர்முகத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்களாம். நான் உனக்கு எடுத்து, உன்னுடைய புத்தகம் என் அப்பனைத் தின்றுவிட்டது என்றேன். நீ மறுநாள் எங்கள் அப்பார்ட்மென்ற் கதவடியில் வந்து நின்றாய். சட்டைக்குள்ளே கழுத்துச் சங்கிலியில், பதக்கத்தோடு சேர்த்து அந்த நூலைக் கட்டியிருந்தாய். அம்மா உன்னை இருத்திப் புட்டும் சம்பலும் தந்தா. அடுத்த விரதம் முடியுமட்டும் கழற்றாதே என்று மட்டும் சொன்னா. நீ ஓம் அன்ரி என்றாய். அந்தக் கோடை முழுக்க, தண்ணீர்ப் பூங்காவில்கூட, கழுத்தில் அதோடுதான் திரிந்தாய்.

அப்பா ஐப்பசியில் வந்தார். விரதம் தொடங்கிய பிறகு, முடிவதற்கு முதல்.

இனித்தான் எனக்கு வயிற்றெரிச்சல். என் கையில் அவ்வளவு மாதம் இருந்த நூல் அது. குளிக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். ஆனால் அம்மாவின் கணக்கில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தது உன்னுடைய நெஞ்சு. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னா. அப்பா வந்த முதல் கிழமையே உன்னைக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தார். நான் பக்கத்தில் ஆள் இருக்காத கதிரை மாதிரி நின்றேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் முதல் கோப்பை உனக்கு. என் கலியாணத்தில் என்னைவிட உனக்குத்தான் அம்மா கூடக் கறி போட்டா. படத்தில் இருக்கிறது.

பழைய நூலை ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும். உன்னையும் என்னையும் ஏரிக்கு அனுப்பினா. அங்கே ஒரு பலகை நின்றது, ஏரிக்குள் ஒன்றும் எறியக் கூடாதென்று. நீ வாசித்தாய். வாசித்தால் முடிந்தது கதை. இன்னொரு கரைக்குப் போனோம், அங்கேயும் பலகை. ஆற்றங்கரைக்குப் போனோம், அங்கே மீனின் படத்தோடு பலகை. கடைசியில் நூலைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தோம். அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அதைக் கறிவேப்பிலைச் சாடிக்குள் புதைத்துத் தண்ணீர் ஊற்றினா.

நீ பிறகு கார் ஓட்டப் பழக்குகிற வேலைக்குப் போனாய். வேறு எந்த வேலைக்குப் போயிருப்பாய்? ஸ்காபரோத் தமிழரில் அரைவாசிப் பேர் உன்னிடம்தான் பழகினார்கள். நடுச்சாமம் ஒரு காக்கையும் இல்லாத சந்தியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுக்கிற தமிழனைக் கண்டால், அது உன் மாணாக்கன் என்று எனக்குத் தெரியும். பின்னால் நின்று ஹோன் அடிப்பவன் நான்.

சில வருசத்துக்கு முதல் கோப்பிக் கடையில் உன்னை நேரே கேட்டேன். எனக்கு ஒரு ஞாயம் வேண்டும், சொல், ஏன் அப்படிச் செய்தாய், கண்டும் காணாமல் நின்ற மனிசனிடம் எதற்காக நோ என்று சொன்னாய்? நீ கோப்பி மூடியைக் கழற்றி, ஊதி, திரும்பவும் மூடினாய்.

"அந்தாள் கேட்டது லேசான கேள்வி மச்சான். லேசான கேள்விக்காவது உண்மை சொல்லுவம் எண்டு நினைச்சன்."

இது உன்னுடைய வழக்கமான பெரிய மனிசக் கதை என்று நினைத்து, கோப்பிக்கு நீதான் காசு குடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

மாசியில், பனிக்குள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்ச் சேர்ந்தாய். செத்தும் எங்களைச் சும்மா விடவில்லை. சவ ஊர்வலத்துக்குச் சிவப்பு விளக்கில் நிற்கத் தேவையில்லை, முன்னால் போகிற காரை விடாமல் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று பிரேதம் வைத்திருந்த பார்லரில் சொன்னார்கள். வந்ததெல்லாம் உன்னிடம் பழகியவர்கள். ஒவ்வொரு ஸ்ரொப் பலகையிலும் ஒவ்வொருவரும் முழுசாய் நின்று, இடம் பார்த்து, வலம் பார்த்து, இடம் பார்த்து வந்தார்கள். சவக்காலைக்கு நீ போய்ச் சேர்ந்தபோது உனக்குப் பின்னால் ஒரு கார்தான் நின்றது. பாதர் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

உன்னிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது தெரியுமா? ஒரு வருத்தம், மாறாத நோய். யார் என்ன கேட்டாலும் சும்மா ஒரு பதில் சொல்ல வாய் திறபடுவதில்லை. விமான நிலையத்தில், அறிவிக்க ஏதாவது இருக்கிறதா என்று சுங்கத்தில் நிற்கிற பிள்ளை கேட்கும். எல்லோரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிற இடத்தில் எனக்கு நீ நினைவுக்கு வருவாய். நான் யோசிக்கத் தொடங்குவேன். போன வருசம் அப்படி யோசித்துக்கொண்டு நின்று, மனிசி பெட்டியின் அடியில் வைத்திருந்த கருவாட்டை நானே சொல்லிக் குடுத்தேன். அவள் வீடு வருமட்டும் கதைக்கவில்லை. வந்தபின் கதைத்தாள். அதைவிடக் கதைக்காமல் இருந்தது நல்லது.

அதுதான் நான் இன்னும் சுமந்து திரிகிறது. உன்னைப்போல நெஞ்சில் ஒட்டிவைக்க எனக்கு ஒரு விதியும் இடம் தரவில்லை, நாக்கில் வைத்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பரிசிலிருந்து உன் தங்கச்சி வந்திருந்தா. பூசை முடிந்து ஹோலில் சாப்பாடு. எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, எந்த வருசம் பிறந்தனீங்கள் என்று கேட்டா. சொன்னேன். அப்ப நீங்களும் நானும் ஒரே வயசு என்றா. அண்ணனும் அதே வயசுதானே, நாங்கள் ஒரே வகுப்பெல்லோ என்றேன். அவ பருப்புக் கரண்டியோடு சிரித்தா.

"அண்ணா எங்கள விட மூண்டு வயசு மூப்பு. பள்ளிக்கூடத்தில சேர்க்கமாட்டினம் எண்டு ஏஜென்சிக்காரன்தான் பாஸ்போட்டில குறைச்சு விட்டவன்."

அந்த ரெக்ஸ்டேல் ஆட்டத்தன்று எனக்குப் பதினெட்டு. பள்ளிக்கூட ரீம்களில் பத்தொன்பது தாண்டியவர்கள் விளையாடக் கூடாது.